அக்ரி படிக்கப் போய் ஒரு வருடமும் இரண்டு லட்சமும் போன கதை

நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையோரம் எங்கள் ஊர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர். ஒன்றில் கரும்பு, ஒன்றில் நெல். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இப்போது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை படிக்கிறேன். ஆனால் இங்கே வருவதற்கு முன் வேறொரு கல்லூரியில் ஏழு மாதம் சிக்கியிருந்தேன். அந்த ஏழு மாதத்தைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இந்த மே மாதம் எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பிள்ளைகள் "அக்கா, அக்ரி சேரலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் விரிவாக இங்கே எழுதுகிறேன். 2023-ல் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

2023-ல் +2 முடித்தேன். 600-க்கு 541. மே 7-ம் தேதி நீட் எழுதினேன். நீட் முடிவு வரட்டும், டாக்டர் சீட் இல்லையென்றால் அக்ரி பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நான் செய்த முதல் தப்பு இதுதான். வேளாண்மைக்கு நீட் கிடையாது. +2 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்குப் போட்ட விண்ணப்பம் இதற்குச் செல்லாது. +2 முடிவு வந்த கையோடு ஆன்லைனில் திறந்துவிடுவார்கள், ஒரு மாதம் போல இருக்கும், மூடிவிடுவார்கள். ஜூன் 13-ம் தேதி நீட் முடிவு வந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்து பார்த்தபோது வேளாண் விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. நீட் எழுதிய பிள்ளைகள் தயவுசெய்து முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். விண்ணப்பித்து வைப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஜூலையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, பாப்பா மார்க்குக்கு அக்ரி சீட் நான் வாங்கித் தரேன், யுனிவர்சிட்டி காலேஜ், நாலு வருஷம் முடிச்சா ஏ.ஓ. வேலைதான்" என்றார். ஏ.ஓ. என்றால் வேளாண் அலுவலர். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். அட்டையில் பச்சைப் பசேலென்று வயல். கல்லூரி வேறு மாநிலத்தில், ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது. பெயர் வேண்டாம். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "பொம்பளப் புள்ளைக்கு ஹாஸ்டல் பாதுகாப்பா இருக்குமா?" என்பது. நான் கேட்ட ஒரே கேள்வி, எப்போது வகுப்பு தொடங்கும் என்பது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளுக்குக் கையில் 40,000 ரூபாய், ரசீது இல்லை. முதல் வருடக் கல்விக் கட்டணம் 90,000. ஹாஸ்டலும் சாப்பாடும் 55,000. திரும்பத் தரும் வைப்புத் தொகை என்று 10,000. போக வர, பெட்டி, பாய், புத்தகம் என்று 12,000. மொத்தம் 2,07,000. அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகுக்குப் போனது. மீதி கரும்புப் பணம். இதில் எங்களுக்குத் திரும்பி வந்தது அந்த 10,000 மட்டும்தான்.

ஆகஸ்ட் கடைசியில் சேர்ந்தேன். முதல் வாரம் எல்லாம் புதிதாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் "நம்ம வயல் எங்கே இருக்கு?" என்று சீனியர் அக்கா ஒருவரிடம் கேட்டேன். அவர் கள்ளக்குறிச்சிப் பக்கம். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூன்றாவது மாடி ஜன்னலுக்கு அழைத்துப்போய்க் கையை நீட்டிக் காட்டினார். கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாகப் பச்சை நிறப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளிச் செடி. அதுதான் எங்கள் பண்ணை. புத்தகத்தின் அட்டையில் இருந்த வயல் பக்கத்து விவசாயியுடையது. அதில் நாங்கள் இறங்கக்கூட முடியாது.

மண்ணியல் செய்முறை வகுப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மண்ணின் கார அமிலத் தன்மையை அளக்க வேண்டும். மேசையில் மீட்டர் இருந்தது, அதன் மின்முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சார் கரும்பலகையில் "பி.எச். 7.2" என்று எழுதிப் போட்டார். அறுபது பேரும் ரெக்கார்டில் 7.2 என்று எழுதினோம். யாரும் மண்ணைத் தொடவில்லை. எங்கள் அப்பா ஏர் ஓட்டிய மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே ஈரப்பதம் சொல்வார். அவர் மகள் அன்றைக்கு மண்ணையே பார்க்காமல் மண்ணியல் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே அக்காதான் அடுத்த விஷயத்தையும் சொன்னார். "ஐ.சி.ஏ.ஆர். லிஸ்ட்ல நம்ம காலேஜ் இல்லம்மா, உனக்குத் தெரியும்ல?" எனக்கு ஐ.சி.ஏ.ஆர். என்றாலே என்னவென்று தெரியாது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். பல்கலைக்கழகத்துக்கு யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருப்பது வேறு, அங்கே நடக்கும் வேளாண் படிப்புக்கு ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருப்பது வேறு. முதலாவது இருந்தால் பட்டம் பட்டம்தான், பொய்ப் பட்டம் ஆகாது. ஆனால் நாளைக்கு ஐ.சி.ஏ.ஆர். ஒதுக்கீட்டில் எம்.எஸ்சி. சேரப் போனால் இரண்டாவதைக் கேட்பார்கள். அந்த அங்கீகாரமும் ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லாது, இத்தனை வருடத்துக்கு என்று காலம் போட்டுத்தான் தருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் ஐ.சி.ஏ.ஆர். இணையதளத்திலேயே இருக்கிறது, பத்து நிமிட வேலை. கல்லூரியில் கேட்டால் "அப்ளை பண்ணியிருக்கோம், சீக்கிரம் வந்துடும்" என்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், மூன்று வருடமாக எல்லோருக்கும் அதையே சொல்லியிருக்கிறார்கள். அப்ளை பண்ணியிருக்கிறோம் என்றால் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அப்போதே கிளம்பி வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கிளம்பியிருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது செப்டம்பர் மூன்றாவது வாரம். அம்மா கழுத்து வெறும் கழுத்தாக இருப்பது கண் முன்னால் வந்தது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பா போன் பண்ணுவார். "இன்னாம்மா, சாப்பிட்டியா, படிப்பு எப்படிப் போவுது?" என்று கேட்பார். "நல்லா போவுதுப்பா" என்பேன். பேசி முடித்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அப்படியே போனது. எடை ஆறு கிலோ குறைந்தது.

இந்த மௌனத்தின் விலை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2023-24 கல்வியாண்டுக்கு யூ.ஜி.சி. ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தது. செப்டம்பர் 30-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31 வரை என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. நான் உண்மை தெரிந்த அந்த வாரமே அப்பாவிடம் வாயைத் திறந்திருந்தால் புரோக்கரின் 40,000 தவிர மீதிப் பணம் பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும். பொதுவான விதி 2018 அக்டோபரில் வந்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால், 5,000 ரூபாய்க்கு மிகாமல் 5 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாள் வரை 80, அதிலிருந்து முப்பது நாள் வரை 50. அதற்கு மேல் பூஜ்யம். வைப்புத் தொகை மட்டும் முழுதாக வரும். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் நாளே "சேர்க்கையின் கடைசித் தேதி எது?" என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த வருடத்துக்கு யூ.ஜி.சி. தனியாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிடிக்கவில்லை என்று முடிவெடுக்க உங்களுக்கு இருப்பது நாலு வருடம் இல்லை, சில வாரங்கள்தான்.

2024 பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வரப்பில் அப்பா உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நாலு மாசமா இத நெஞ்சுலயே வச்சிக்கினு இருந்தியா? பணம் போவுட்டும், நீ அங்க திரும்பிப் போவாத" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று முன்பே தெரிந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வருகிறது.

ஆனால் திரும்பிப் போகாமல் முடியவில்லை. அசல் சான்றிதழ்கள் அங்கே இருந்தன. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், +1, +2 மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்தபோதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் நானும் அப்பாவும் போய்க் கேட்டோம். மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு கை கூப்பி நின்றார். அதைப் பார்த்த வலி பணம் போன வலியைவிடப் பெரியது.

அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை என்பதை ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகலை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். வாயால் கேட்டுக்கொண்டு நின்றதை நிறுத்தினேன். விலகும் தேதி, திரும்பத் தர வேண்டிய சான்றிதழ்களின் பெயர்கள், வைப்புத் தொகை, யூ.ஜி.சி. அறிவிப்பு எல்லாவற்றையும் எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் போட்டேன். யூ.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்து அந்தப் புகார் எண்ணையும் அவர்களுக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் ஆனது. மார்ச் கடைசியில் எல்லாச் சான்றிதழும் வைப்புத் தொகையும் வந்தன. சேரும்போதே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்காதது இன்னொரு தப்பு. நகல் கையில் இருந்திருந்தால் நடுவில் இத்தனை பயம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். பயிர் மருந்துக் கடையைச் சொல்கிறேன். மாதம் 6,000. விவசாயிகள் இலையைப் பறித்து வந்து மேசையில் வைத்து "இதுக்கு இன்னா அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். புழுவா, பூஞ்சணமா, சத்துக் குறைபாடா என்று அங்கே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. துத்தநாகக் குறைபாட்டால் பழுப்பேறிய நெல் இலைக்குப் பூச்சி மருந்து வாங்கிப்போனவரை நானே பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் அது தெரியாது, போன வருடம் பாடத்தில் படித்தபோதுதான் அந்த இலை ஞாபகத்துக்கு வந்தது. எதற்காக இந்தப் படிப்பு வேண்டும் என்பது எனக்கு அந்தக் கடையில்தான் புரிந்தது.

இப்போது சொல்லப் போவதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஒன்பதிலிருந்து +2 வரை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆறு முதல் +2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு வேளாண்மை உட்படத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. டாக்டர் படிப்புக்கு 7.5 இருப்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். வேளாண்மைக்கும் இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. நாங்கள் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது எதை, எங்களுக்கு உரிமையாக இருந்தது எதை என்று யோசித்துப் பாருங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு வருடம் படித்திருந்தாலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. ஆகவே எந்தப் பள்ளியில் எந்த வருடம் படித்தீர்கள் என்பதற்குத் தலைமை ஆசிரியரின் சான்று வேண்டும். எனக்கு இரண்டு பள்ளி என்பதால் இரண்டு தலைமை ஆசிரியரிடமும் போனேன். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், ஏப்ரலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் போட்டு வையுங்கள், ஏதாவது ஒன்று தள்ளிப்போனால் இன்னொன்று கைகொடுக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

2024-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாக இருந்தது. அதே 541 மதிப்பெண்தான், கலந்தாய்வில் சிதம்பரம் கிடைத்தது. வீட்டிலிருந்து கடலூர் போய் ஒரு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகூரில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவள் புதுச்சேரிக்காரி என்பதால் அவளுக்கு வழி வேறு. அங்கே சென்டாக் என்ற புதுச்சேரி மாணவர் சேர்க்கைக் குழுவில் விண்ணப்பிக்க வேண்டும், காரைக்காலில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. நம் பக்கம் குடும்பங்கள் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் இருப்பதால் இந்தக் குழப்பம் நிறைய வருகிறது. எங்கே குடியிருப்புச் சான்று இருக்கிறதோ அதை வைத்து முதலிலேயே தெளிவாகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அக்ரி கிடைக்காவிட்டால் "சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்துக்கோ, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல படிப்புதான், நம் கடற்கரையும் நிலத்தடி நீரும் இருக்கிற நிலையில் அதைப் படித்தவர்கள் நிறைய தேவை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர் தேர்வுக்கு பி.எஸ்சி. வேளாண்மைப் பட்டம் வேண்டும், சுற்றுச்சூழல் பட்டத்தை வைத்துக்கொண்டு அதை எழுத முடியாது. எந்த வேலைக்குப் போக ஆசையோ அந்த வேலையின் பழைய அறிவிப்பை எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியில் என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதல் செமஸ்டரிலேயே புயல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. மழை ஓய்ந்தது என்று நினைத்த நேரத்தில் சாத்தனூர் அணையில் நொடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை புரண்டு எங்கள் வயலுக்குள் வந்தது. பொங்கலுக்குப் போனபோது நெல் நிலத்தின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மணலும் வண்டலும் படிந்திருந்தது. அப்பா மண்வெட்டியோடு நின்றார். "இதுல இனிமே இன்னா வெளையும்?" என்று என்னைக் கேட்டார். கடைக்காரரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் முறை அதற்குள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம், வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடம் குறித்தேன். மேலே படிந்ததைத் தனியாக எடுத்தேன். அதற்குக் கீழே பழைய மண்ணில் மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்துபோல 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் சீவி எடுத்தேன். சாக்கில் பரப்பி நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து அரைக் கிலோ வரும்வரை குறைத்தேன். அப்பா பக்கத்திலேயே குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். துணிப் பையில் கட்டிச் சர்வே எண்ணும் தேதியும் எழுதிச் சிதம்பரம் கொண்டுவந்தேன். நிழலில் உலர்த்திச் சலித்து, 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. வாலை வடிநீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, மின்முனையை இறக்கினேன். எண் கொஞ்ச நேரம் ஏறி இறங்கி 7.8-ல் நின்றது. அதே மண்ணை இன்னொரு பீக்கரில் மறுபடி வைத்துப் பார்த்தேன், 7.8. ரெக்கார்டைத் திறந்து எழுதிக்கொண்டு, வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.